ஆவாரை எப்படி ராணியானாள்

கிணத்துக்கடவு,
12.01.2025

அன்புள்ள வர்ஷினிக்கு,

நலம்தானே? நம் நாவலைப் பதிப்பகத்தில் கொடுக்கப் போனவள்தான், ஒரு போன்கூட இல்லை.

கடைசி அத்தியாயத்தை நேற்று மறுபடி படித்தேன். வாய்க்கால் வெட்டும் ஆவாரையை மலைநாட்டு மக்கள் கைதூக்கித் தேர்ந்தெடுத்து அரியணை ஏற்றும் இடத்தில் இப்போதும் கண் கலங்குகிறது. என் அம்மா பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்தும், உன் பெரியப்பா நாற்காலி தராமல் நிற்க வைத்தாரே, அன்றைக்கு நீதானே சொன்னாய்: “உங்கம்மாவ நாம ராணியாக்கிப் போடலாம் யுவா.” அந்தப் பேச்சில் பிறந்தவள்தானே இவள்!

பதில் போடு.

உன் யுவஸ்ரீ


கோயமுத்தூர்,
03.03.2025

என் செல்ல யுவா,

கோபமா? புத்தகம் அச்சாகிவிட்டது! அட்டையில் நம் இருவர் பெயரும் இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம். பதிப்பாசிரியர் திருமூர்த்தி, “வாய்க்கா வெட்டறவ ராணியானா யாருங்க நம்புவாங்க? ஒரு உரிமை வேணுமல்லங்க?” என்றார். அதனால் ஆவாரை அரசரின் தொலைந்துபோன மகள் என்று கடைசியில் தெரியவருகிறது. தோளில் ஒரு மச்சம், இரண்டு பக்க மாற்றம், அவ்வளவுதான். உன்னைக் கேட்டால் மறுப்பாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. கட்டாயம் வா.

முத்தங்களுடன்,
வர்ஷினி


கிணத்துக்கடவு,
10.03.2025

வர்ஷினிக்கு,

விழாவுக்கு வந்தேன். மேடைக்கு வர மனம் வரவில்லை, பின்னால் உட்கார்ந்துகொண்டேன். முதல் வரிசையில் உன் பெரியப்பா இருந்தார்.

ஒரு பெண் எழுந்து, “ஏனுங்க்கா, மச்சம் இல்லீன்னா ஆவாரை ராணியாக முடியாதுங்களா?” என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, “அரச ரத்தம் இல்லாம எப்படி கண்ணு?” என்றாய். உன் பெரியப்பா கைதட்டினார்.

அவர் பிடுங்கியது நாற்காலியை மட்டும்தான். நீ என் அம்மாவையே பிடுங்கி உங்கள் வீட்டுப் பெண்ணாக்கிக்கொண்டாய். இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவளுக்கு அது இரண்டு பக்க வேலையாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த பதிப்பில் என் பெயரை எடுத்துவிடச் சொல். எனக்கு இனி எழுதாதே.

விழாவிலிருந்து திரும்பியதும் அம்மா ஆசையாக, “புஸ்தகம் வந்துருச்சா கண்ணு?” என்று கேட்டாள். புத்தகம் இருந்த பை என் தோளில்தான் தொங்கியது. இன்னும் அச்சாகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

யுவஸ்ரீ