சாரன் வாங்கப் போன கதை

செவ்வாய்க்கிழமை, ராத்திரி இஷாத் தொழுகைக்குப் பிறகு.

காலையில் எங்கட மனித உரிமை ஒபிஸ் மிஸ்ஸை நான் ஓட்டுற வேனில் மருதமுனைக்குக் கொண்டுபோனேன். தறியில ஆம்பிளையள் உடுக்கிற சாரன் நெய்யிற ஸஃபியா ராத்தா, தன்ட மகன்ட காலை முறிச்ச ஆக்கள்ட பேரை மிஸ்ஸிடம் சொன்னா.

பொழுதுபட்டாப் பிறகு தேத்தண்ணிக் கடையில் தெரியாத ஒருத்தன் பக்கத்தில் வந்து இருந்தான். "காக்கா, மிஸ்ஸை மருதமுனையில யார்ட வீட்ட இறக்கின?"

எனக்கு வாயில் பகிடிதானே வரும். "மிஸ்ஸுக்குச் சாரன் உடுக்க ஆசையாம், வாங்கிக் குடுக்கப் போன" என்டேன். கடையே சிரிச்சுது.

அவனும் சிரிச்சான். "அப்ப தறி வீடு. உங்கட வேன் நிண்ட ஒழுங்கையில தறி வீடு ஒண்டுதானே இருக்கு" என்டு எழும்பிப் போனான். தேத்தண்ணியை அப்படியே வெச்சிட்டு எழும்பினேன்.

மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ராத்தாவை உடனே சம்மாந்துறையில இருக்கிற அவட தங்கச்சி வீட்டுக்குப் போகச் சொல்லச் சொன்னா. ராத்தாட ஃபோனுக்குக் கோல் எடுத்தேன்.

"ராத்தா, சாரன் கேட்டு ஆரும் வந்தா கதவைத் திறக்காதீங்க. தங்கச்சி வீட்ட போங்க."

"உங்கட பகிடிக்கு ஒரு அளவில்லையா தம்பி? சாரன் விக்காம என்னத்தைத் தின்னுற?" சிரிச்சுப்போட்டு, மிச்சத்தைச் சொல்ல விடாம ஃபோனை வெச்சிட்டா.

பிறகு மூணு தரம் எடுத்தேன். ரிங் போகுது, தூக்கல்ல.

மருதமுனைக்குப் போக, வேன் ஸ்டார்ட் பண்ணுற திறப்பு கையில் இருக்கு. மிஸ்ஸும் வாறாவாம், அவ வாற மட்டும் இதை எழுதுறேன். ராத்தா, இந்த ஒரு தரம் நான் பகிடி விடல்ல.