கவனிப்பாரற்ற உலை

அணுவைத் துளைத்து அதில் ஒரு தொழிற்சாலையையும் கட்டிவிட்ட என் அண்ணன் மகளுக்கு,

அணுசக்திப் பாதுகாப்பு வாரியத்தின் விதி எழுதும் பிரிவில் பாதி ஆயுள் நாற்காலியைத் தேய்த்து, மீதி ஆயுள் நாற்காலியால் தேய்க்கப்பட்ட உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் சௌக்கியம். தொட்டி கொஞ்சம் ஒழுகுகிறது. எனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று சிரிப்பாய். போன் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "நீங்கள் அழைக்கும் நபர் தற்போது பேச இயலாத நிலையில் உள்ளார்" என்று ஒரு பெண்மணி சொல்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக் கேட்டு எங்களுக்குள் நல்ல பழக்கமாகிவிட்டது. நான் இருமினால்கூடக் குறுக்கே பேசமாட்டாள். அவளையே கட்டிக்கொண்டால் உனக்கு ஒரு சித்தி ஆயிற்று. ஒரே வாக்கியம்தான் தெரியும் என்பதால் வீட்டில் சண்டையும் இருக்காது. உன்னைக் குறை சொல்வதாக எண்ணாதே. நான் கொட்டாவி விடும் நேரத்தில் நீ பல் தேய்க்கிறாய். பூமி உருண்டையாக இருப்பது உன் குற்றமா?

இனி உன் உலையின் கதை.

நீங்கள் அங்கே செய்து, மூடி முத்திரையிட்டுக் கப்பலில் அனுப்பப்போகும் அந்தச் சின்ன அணு உலைக்கு இங்கே ஒரே ஒரு பழைய விதிதான் முட்டுக்கட்டையாக நின்றது. கட்டுப்பாட்டு அறையில் உரிமம் பெற்ற ஆட்கள் எந்நேரமும் இருக்க வேண்டும் என்பது அது. பெரிய உலைகளுக்கு நல்ல விதிதான். உலையை ஆற்றும் தண்ணீர்ப் பம்பு நின்றால் ஓடிப் பார்க்க ஆள் வேண்டுமே. உன் உலையிலோ பம்பே இல்லை. சூடு மிஞ்சினால் தானே அணைந்து, வெறும் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். அதற்குப் போய் அத்தனை பேரை உட்கார வைத்தால் மின்சாரத்தைவிடச் சம்பளம்தான் அதிகம் உற்பத்தியாகும். அதனால் புது விதியில் ஒரு தனிப் பிரிவு சேர்ப்பதாக ஏற்பாடு. வரைவு எழுதும் வேலை எனக்கு.

அந்தப் பிரிவு விழுந்தால் என்ன ஆகும் என்பதை, அபூர்வமாகப் போனை எடுத்த ஒரு ஞாயிறு நீயே சொன்னாய். "இது தோத்துட்டா கம்பெனி இந்த வேலையையே மூடிடும் சித்தப்பா. நான் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடுவேன்" என்றாய். ஜெயித்தால் வருஷக்கணக்கில் ஆர்டர், வருஷக்கணக்கில் நீ அங்கேதான். தோற்பதைச் சொல்லும்போது உன் குரலில் அழுகை இருந்தது. அன்று சாயங்காலமே நான் தச்சரைக் கூப்பிட்டு இங்கே கிடக்கும் உன் பழைய கட்டிலின் ஆடும் காலைச் சரிசெய்தேன். மின்விசிறியையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். சும்மா தூசி தட்டினேன், அவ்வளவுதான். வேறு அர்த்தம் எடுக்காதே.

அண்ணன் மகள் அந்தக் கம்பெனியில் இருக்கிறாள் என்று வாரியத் தலைவர் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "உங்களுக்கு ஓட்டு கிடையாது. பேனா மட்டும்தான். பேனாவையும் நான் படிச்சிட்டுத்தான் விடுவேன்" என்றார். ஆக, ஓட்டில்லாத பேனா.

அந்தப் பேனா செய்த காரியத்தைக் கேள். உலை வரப்போகும் கடலோர ஊரில், பள்ளிக்கூட அரங்கில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊரே திரண்டிருந்தது, கூரையில் இருந்த புறாக்கள்கூட ஆட்சேபம் தெரிவிக்க வந்தவை போலத்தான் இருந்தன. வரைவைச் சத்தமாக வாசித்தார்கள். அருகில் ஆளில்லாமல் இயங்கும் உலை என்பதற்கு நான் எழுதியிருந்த வார்த்தை: "கவனிப்பாரற்ற உலை".

எழுதியபோது கச்சிதமாகத்தான் பட்டது. ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான் புரிந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "கவனிப்பாரத்ததுன்னா அது என்ன அநாதையா? பெத்தவங்க யாரு?" என்றார். இன்னொருவர், "பஸ் ஸ்டாண்டுல கெடக்கற பைய அப்படித்தான் சொல்லுவாங்க. உடனே போலீசுக்குச் சொல்லணும்" என்றார். தலைவர் அம்மா சமாளிக்கப் பார்த்து "ஆளில்லா உலை" என்று மாற்றிச் சொன்னார். உடனே முன்வரிசை, "ஆளில்லா ரயில்வே கேட்டு மாதிரியா?" என்று கேட்டது. அதோடு கூட்டம் முடிந்தது.

திரும்பும் வழியில் தலைவர் அம்மா, "வேணும்னே போட்டீங்களா?" என்று கேட்டார். சத்தியமாக இல்லை கண்ணு. அந்த வாரம் என் கையில் அந்த வார்த்தைதான் இருந்தது.

அவர் கெடு வைத்தார். "திங்கட்கிழமைக்குள்ள அந்த ஊர் ஜனங்க ஒத்துக்கற மாதிரி வேற வாசகம் கொண்டாங்க. இல்லன்னா பிரிவையே தூக்கிடுவேன். பழைய விதியே இருந்துட்டுப் போகட்டும்." நன்றாகப் பார். நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது மட்டுமே. அந்தத் துறையில் மூவுலகிலும் எனக்கு நிகர் இல்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தேன். கால் ஆடவில்லை. தச்சர் நல்ல வேலைக்காரர். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன்.

கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் முறைத்துக்கொண்டே இருந்த ஒரு சலவைக்கடை அம்மாவைத் தேடிப் பிடித்தேன். அவர் கடையிலிருந்து பார்த்தால் உலை வரும் இடம் தெரிகிறது. என்னைப் பார்த்ததும், "வாங்க, அநாதையோட கார்டியன்" என்றார். உலை தானாக அணைவதையும் ஆறுவதையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவர் ஒரு சட்டைக் கையை முழுதாகத் தேய்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் நம்பறேங்க. இந்த இஸ்திரிப் பெட்டியே சூடு ஏறினா தானா அணைஞ்சுக்குது. பக்கத்துல ஆள் இருக்கணும்னு நான் கேக்கல. ஏதோ சத்தம் கேக்குது, மனசு ஒரு மாதிரி இருக்குதுன்னா யாரைக் கூப்பிடுவேன்? கூப்பிட்டா யாராச்சும் எடுப்பாங்களா? இல்ல, ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு மெஷின் பேசுமா?"

உலகத்திலேயே இந்தக் கேள்விக்குத் தகுதியான நிபுணரிடம்தான் கேட்கிறோம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் கடை முக்காலியிலேயே உட்கார்ந்து எழுதினேன்:

"தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் உலை என்று சோதித்து நிரூபிக்கப்பட்டால், அதன் அருகில் ஆள் இருக்க வேண்டியதில்லை; தொலைவிலிருந்து கண்காணித்தால் போதும். ஆனால் அந்த ஊரிலிருந்து யார் எந்நேரம் அழைத்தாலும், அதை ஒரு மனிதரே எடுத்துப் பேச வேண்டும். பதிவு செய்த குரல் ஆகாது."

சலவைக்கடை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "இது சரி" என்றார். மறுவாரம் மறுபடி கூட்டம் போட்டபோது அவரே எழுந்து அதைச் சொல்ல, ஊர் அடங்கியது. வாரியம் நேற்று அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. தலைவர் அம்மா ஒரே ஒரு கமாவைத்தான் நீக்கினார்.

ஆக, நீ ஜெயித்துவிட்டாய். அரசாங்கத் தாள் வந்து சேரும் முன்பே சித்தப்பா வாயால் தெரியட்டும் என்றுதான் இந்தக் கடிதம். பெட்டி கட்டாதே. குளிருக்கு நல்லதாக ஒரு கோட்டு வாங்கிக்கொள். சரியாகச் சாப்பிடு. உன் கட்டிலில் இப்போதைக்கு என் பழைய கோப்புகளை அடுக்கியிருக்கிறேன். அவை புரண்டு படுப்பதில்லை, தொந்தரவு இல்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. உன் உலையைப் போலத்தான் நானும். தானே சூடேறுவேன், தானே ஆறிக்கொள்வேன், பம்பு கிடையாது. அருகில் ஆள் இருக்க வேண்டியதில்லை என்று என் கையாலேயே எழுதியாயிற்று.

ஆனால் அதற்கு அடுத்த வாக்கியமும் சட்டம்தான், கண்ணு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன்.

நீ தொட்டதெல்லாம் ஒளி விடட்டும்.

என்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்,
உன் சித்தப்பா