முழுக்கை வைத்த பச்சைக் கவுன்

சத்வா, துபாய்
திங்கள் இரவு

அன்புள்ள ஃபிர்தௌஸ் லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். யான்பில் நீங்களும் மச்சானும் குட்டி ஜைதும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே வாப்பாவும் உம்மாவும் சுகம். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லாமல் தங்கச்சி ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். கல்யாணப் பேச்சு வந்திருக்கும் பிள்ளைக்குப் போன் எதற்கு என்று உம்மா வாங்கி வைத்துக்கொண்டார்கள். உங்களோடு பேசும்போதும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கீழ்வீட்டு சந்தியாவின் அப்பா அன்பரசன் அங்கிளுக்கு சவூதியில் உங்கள் ஊர் ரிஃபைனரியில்தானே வேலை. லீவில் வந்தவர் நாளை திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்ப உம்மா மாசிக் கருவாடும் இடியாப்ப மாவும் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டைப் பிரித்து மாவுப் பாக்கெட்டுக்குள் இதை வைக்கப் போகிறேன். மச்சான் மாவைத் தொடமாட்டார் என்ற தைரியம்தான். குளியலறையில் வாஷிங் மெஷின் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலை மன்னியுங்கள்.

வருகிற சனிக்கிழமை எங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிரிவு விழா. ஹோட்டல் ஹாலில் சாப்பாடு, பிறகு டான்ஸ். பெண்கள் கவுன், பையன்கள் கோட்டு. ஸ்கூலிலிருந்து தாள் வந்த அன்றே வாப்பா 'வரமாட்டாள்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டார்கள். "ஆணும் பொண்ணும் ஆடுற எடத்துல நம்ம புள்ளைக்கு என்ன வேலை, கலாஸ், பேச்சு முடிஞ்சுது" என்றார்கள். ஆனால் போக வேண்டும் என்ற ஆசை விடவில்லை, லாத்தா. ஆடுவதற்கு அல்ல. பதினான்கு வருடம் கூடப் படித்தவர்களோடு ஒரு போட்டோவில் நிற்பதற்கு. சந்தியா வீட்டில் தங்குகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போவதாக முடிவு செய்தோம். அந்தப் பொய்க்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

பெருநாளுக்கு வாப்பா எடுத்துத் தந்து தைக்காமல் கிடந்த பச்சைப் பட்டுத்துணி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நம் ஊர் நிஜாம் காக்காவின் டெய்லர் கடைக்குப் போனோம். சந்தியா தன் போனில் பத்துப் படம் காட்டினாள். எல்லாம் கையில்லாதது, முதுகு திறந்தது. நான் ஒவ்வொன்றையும் வேண்டாம் என்றேன். கழுத்தை ஏற்றி, கையை மணிக்கட்டு வரை வைத்து, ஓரத்தில் பொன் ஜரிகை வைக்கச் சொன்னேன். என்றாவது பிடிபட்டால், உடுப்பிலாவது வாப்பா குறை சொல்லக்கூடாதே என்ற நினைப்பு. சந்தியா சிரித்தாள். "ஏய், நீ டான்சுக்குப் போறியா, உன் கல்யாணத்துக்கே போறியா?" என்றாள். நானும் சிரித்தேன்.

அதற்கு முந்தின வாரம் எனக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்திருந்தது. அது உங்களுக்குத் தெரியும். அல் கூஸில் மாமாவின் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் உஸைர் என்பவர். அவருடைய உம்மா வந்து என்னைப் பார்த்துப் போனார்கள். உம்மா என்னிடம் கேட்டபோது பரீட்சை முடியட்டும் என்றேன். பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டால் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை நிஜாம் காக்கா கவுனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். "கொமருப் புள்ளய கடைக்கு அலைய வைக்கலாமா, அதான் நானே கொண்டாந்துட்டேன்" என்று வாப்பாவின் கையில் கொடுத்தார். உம்மா பையைப் பிரித்தார்கள். பச்சையும் ஜரிகையும் முழுக்கையும் பார்த்ததும் அவர்கள் முகம் மாறியதே, அதை நான் எப்படி எழுதுவேன். "வாப்பா எடுத்த துணியையே இதுக்குண்டு வச்சிருந்திருக்கா பாருங்க. நாமதான் இவ மனசு தெரியாம இருந்திருக்கோம்" என்றார்கள். பிறகு என் தாடையைத் தொட்டு, "நிச்சயத்துக்குத்தானே தைக்கக் கொடுத்தே?" என்று கேட்டார்கள்.

வாப்பா எதிரே நின்றார்கள். இல்லை என்றால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று சொன்னால் டான்ஸ், பொய், சந்தியா எல்லாம் வெளியே வரும். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். நம் வீடுகளில் குமர்ப்பிள்ளை வாய் திறந்து சரி என்று சொல்வதில்லை. பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. "வெக்கப்படுது" என்று நிஜாம் காக்கா சொன்னார். வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று உஸைரின் உம்மாவுக்குப் போன் போட்டு, "மாஷா அல்லாஹ், புள்ளைக்குச் சம்மதம்" என்றார்கள். உம்மா கவுனை வீடியோவில் தூக்கிக் காட்டினார்கள்.

அன்றிலிருந்து வாப்பா என்னிடம் அவ்வளவு அன்பாக இருக்கிறார்கள். டூட்டி முடிந்து வரும்போது தினமும் குனாஃபா இனிப்பு வாங்கி வருகிறார்கள். திட்டினால்கூடப் பேசிவிடுவேன் போலிருக்கிறது. முந்தாநாள் சுபுஹு தொழுகைக்குப் பிறகு சொல்லிவிடுவது என்று அடுப்படிக்குப் போனேன். உம்மா அந்தக் கவுனுக்குப் பொருத்தமாக உங்களுக்கும் ஒரு துப்பட்டா எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று கத்தரிக்கோலை எடுத்தேன். கவுனின் இரண்டு கையையும் வெட்டிவிட்டால் யாரும் அதை நிச்சய உடுப்பு என்று சொல்லமாட்டார்கள் அல்லவா? தோள் தையலில் வைத்தும்விட்டேன். வாப்பா கடைகடையாக ஏறி எடுத்த துணி. வெட்ட வரவில்லை.

எனக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மேலே படிக்கச் சேர்ப்பதாக வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போது கேட்டால், கல்யாணத்துக்குப் பிறகு படிக்க வைக்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்களாம். உங்களிடமும் இதையேதானே சொன்னார்கள்? உங்கள் பி.காம். புத்தகங்கள் என் கட்டிலுக்கு அடியில் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. உம்மா தூக்கிப் போடச் சொல்லும்போதெல்லாம் நான் விடவில்லை.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு உஸைர் வீட்டார் வருகிறார்கள். தேதி வைப்பதற்கு முன் எல்லோர் முன்னாலும் வாப்பா என்னை ஒரு தடவை கேட்பார்களாம். முறைக்குக் கேட்பதுதான், நீ ஒண்ணும் பேச வேண்டாம் என்று உம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நமக்கு ஓதிக்கொடுத்த ஆலிமா, கேட்பது கடமை, வேண்டாம் என்று பெண் சொன்னால் நடத்தக்கூடாது என்று சொன்னார்களே. நீங்களும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்துதானே கேட்டோம்.

லாத்தா, உங்கள் நிக்காஹ் அன்று எனக்குப் பதினொரு வயது. அறைக் கதவருகே வாப்பா இரண்டு சாட்சிகளோடு வந்து நின்று கேட்டபோது நான் உங்கள் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு என் விரல்களைப் பிடித்து நெரித்தீர்கள். என் மோதிரம் அழுந்தி இரண்டு நாள் தடம் இருந்தது. மௌனம் சம்மதம் என்று பெண்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். உங்களுக்கு வெட்கம் என்று நானும் நினைத்தேன். வியாழக்கிழமை தரையைப் பார்த்து நின்ற பிறகுதான் அந்தப் பிடி எனக்கு ஞாபகம் வந்தது. நான் தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள். தப்பில்லை என்றால் பதில் எழுத வேண்டாம். எனக்குப் புரியும்.

டான்சுக்கு நான் போகப் போவதில்லை. அந்த ஆசையை விட்டுவிட்டேன். டான்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாப்பா அடித்தாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை அந்தப் பச்சையைப் போடமாட்டேன். போட்டால் அதுவே பதில் சொல்லிவிடும். ஸ்கூல் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கப் போகிறேன். இதைத்தான் தீர்மானித்திருக்கிறேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் வாய் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் எல்லாம் முடிந்தது.

முடிந்தால் அதற்கு முன்பே வாப்பாவிடம் பேசுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மச்சானுக்குப் பயந்து பேச முடியாமல் போனால் பரவாயில்லை, உங்களுக்கு ஒரு கஷ்டம் வர வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை, இங்கே அசர் பாங்கு சொல்லி அரை மணி கழித்து, வீட்டுப் போனுக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுங்கள். மணி அடித்தால் நீங்கள் என் விரலைப் பிடித்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அன்று நெரித்ததைவிட அழுத்திப் பிடியுங்கள். நான் வாயைத் திறந்துவிடுவேன்.

படித்ததும் கிழித்துவிடுங்கள். மாவைச் சலித்துவிட்டுப் பிழியுங்கள். ஜைதுக்கு என் முத்தம். உங்களுக்கும் எனக்கும் அல்லாஹ் பயமில்லாத ஒரு நாவைத் தரட்டும், ஆமீன்.

உங்கள் கைப்பிடியில் இருக்கும் தங்கை,
இஃப்பத்