சம்பந்தி வீட்டு ப்ரொஜெக்டர்

மெட்டுகுடா,
18-8-2025

அன்பு மகன் சிரஞ்சீவி ஷ்யாமுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கு நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், டப்ளினில் நீயும் சௌம்யாவும் குழந்தை ஸ்ரேயாவும் சுகமாக இருப்பது ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்தே தெரிகிறது, இருந்தாலும் எழுத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டால்தான் எனக்குத் திருப்தி. போனிலேயே சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் உன் தோளை ஒட்டினாற்போல் சௌம்யா உட்கார்ந்திருக்கிறாள், அவள் அப்பாவைப் பற்றி அவள் எதிரில் நான் எப்படிப் பேசுவது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் கொட்டை எழுத்தாக எழுதுகிறேன். புரியாத இடத்தில் அவளிடம் கேட்காதே, விட்டுவிட்டு மேலே படி.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மூன்று வாரம் ஆகிறது, நாலு வேளையும் சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன். இப்போது அவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், அதன் பலன், என் சட்டைக் காலரில் அழுக்கு, ஃபேன் இறக்கையில் தூசி, என் காதில் முடி. கீசர் மறுபடியும் மக்கர் செய்கிறது. என் முழங்கால் பழையபடிதான், மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்ட் இருப்பதால் சமாளிக்கிறேன். மெட்ரோ என்றதும் ஞாபகம் வருகிறது, உன் மாமனார் கூப்பிட்டாரே என்று நேற்று நானும் அம்மாவும் கச்சிபௌலி போயிருந்தோம், அதனால்தான் உன் போனை எடுக்கவில்லை. ஞாபகம் வருகிறது என்று எழுதியது பொய். இந்தக் கடிதமே அதற்குத்தான்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிற்றெரிச்சல். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ராய்துர்க்கில் இறங்கி ஆட்டோ பிடித்து அந்தப் பத்தொன்பதாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தால், மத்தியானம் மூன்று மணிக்கு ஹால் முழுக்க இருட்டு, ஜன்னலுக்கெல்லாம் கனமான கறுப்புத் துணி. ஒரு பக்கச் சுவரை அடைத்துக்கொண்டு வெள்ளைத் திரை, கூரையில் தொங்குகிற ப்ரொஜெக்டர், அலமாரியில் ப்ளூ-ரே பிளேயர், பக்கத்தில் வரிசையாக டிஸ்க்குகள். சம்பந்தி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு, இது மாப்பிள்ளை அனுப்புனதுங்க, இதுவும் மாப்பிள்ளை அனுப்புனதுங்க, அந்த ஊர் டிஸ்க் நம்மூரு பிளேயர்ல ஓடாதுன்னு பிளேயரையும் சேர்த்தே அனுப்பிட்டாருங்க, என்று சொல்லிக்கொண்டே போனார். நான் இந்த ஊர் வழக்கப்படி ஹவ் ஹவ் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். யார் இந்த ஜகதீசன்? கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகிறது என்பதை விடு, அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் உன் கல்யாணத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி நான் அரை மணி நேரம் ஆசையாகப் பேசியபோது, பந்தியைப் பார்த்துட்டு வந்துடறேனுங்க என்று எழுந்து போய்த் திரும்பி வராத மனிதர் அவர். ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் பதினெட்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓட்டியது அவரா நானா? சிக்னல் டிபார்ட்மென்ட் வேலை முடிந்து வந்து, சாப்பிடக்கூட உட்காராமல், ரீல் மாட்டிக்கொண்டு நின்றது யார்? அந்த வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது, என் சட்டையை வேறொருவர் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

போட்டது எந்தப் படம் தெரியுமா, நம் தந்திப் படம். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, நாம் எப்போது அதன் பெயரைச் சொல்லியிருக்கிறோம். நீ நாலாவது படிக்கும்போது ஞாயிறு மத்தியானம் தூர்தர்ஷனில் பிராந்திய மொழிப் படம் வரும், வங்காளம் ஒரியா எல்லாம் போய்த் தமிழின் முறை வருவதற்குள் மாசக்கணக்காகிவிடும், வந்தபோது பார்த்து டிவி முழுக்கப் புள்ளி. நான் மொட்டை மாடியில் ஆண்டெனாவைத் திருப்ப, நீ கீழேயிருந்து வந்துடுச்சு, போயிடுச்சு என்று கத்திக்கொண்டே இருந்தாய். கணவன் இறந்துவிட்டதாகத் தந்தி வருகிற காட்சியில் நான் தடதடவென்று இறங்கி ஓடி வந்து, அவள் கையில் இருக்கிற வெள்ளித் தம்ளரைப் பார், அதன் பக்கவாட்டில் வாசல் தெரிகிறது, வாசலில் அவன் உயிரோடு நிற்கிறான், அவள் திரும்புவதற்கு முன்னாலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, என்றேன். இன்ஸ்டிடியூட் ரீலில் நான் கண்டுபிடித்தது அது. டிவியில் தம்ளரும் தெரியவில்லை, அவனும் தெரியவில்லை, வெறும் புள்ளிதான். ஆனாலும் நீ ஆமாம்ப்பா, நிக்கிறான் என்றாய். கண்ணால் பார்க்காமலே என் வார்த்தையை நம்பினாய்.

நேற்று படம் ஆரம்பித்ததும் எல்லோரும் பூசணிக்காய் மாதிரி அகலமாக இருந்தார்கள். பழைய படம் சதுரமாகத்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுத்தான் பார்க்க வேண்டும், சம்பந்தி அதை ரிமோட்டில் இழுத்துத் திரை முழுக்க நிரப்பி வைத்திருந்தார். நான் சொன்னதற்கு, இத்தனை பெரிய திரையில ரெண்டு பக்கமும் சும்மா கெடக்குதுங்களே என்கிறார். அம்மா என் தொடையில் கிள்ளி, பேசாம உக்காருங்கோ என்றாள். உட்காருவேனா? நானே ரிமோட்டை வாங்கி, இருக்கிற பொத்தானையெல்லாம் அமுக்கிச் சரிசெய்தேன். அதன்பிறகு அந்தப் படம் இருந்த அழகை நான் என்னவென்று எழுதுவேன், ஷ்யாம். வயிற்றெரிச்சல் இருந்தாலும் பொய் சொல்லக்கூடாது. புடவையின் இழை தெரிகிறது, தந்திக்காரன் நெற்றியில் வியர்வை தெரிகிறது, கதாநாயகனின் டோப்பா முடியும் இடம்கூடத் தெரிகிறது. கதாநாயகி முகத்துக்குப் போட்ட பவுடரைக் கழுத்துக்குப் போடவில்லை என்று புதுக் கண்ணால் அம்மா கண்டுபிடித்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு குதிப்பு இல்லை. இத்தனை வருடம் ஓட்டியும் நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது.

தந்திக் காட்சி வந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், வாயைத் திறக்கிறேன், அதற்குள் சம்பந்தி என் கையைத் தட்டி, அந்த டம்ளரைப் பாருங்க சம்பந்தி, வாசல்ல ஆள் நிக்கிறது தெரியுதுங்களா, இதையெல்லாம் கவனிக்கோணும்னு மாப்பிள்ளை சொல்லிக் குடுத்தாருங்க, என்றார். எனக்கே சொல்கிறார்! மாப்பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சம்பந்தி வீடு, விழுங்கிக்கொண்டேன். தம்ளரில் அவன் சுண்டுவிரல் உயரத்துக்கு நின்றான், கை கால் முகம் எல்லாம் தெளிவாக. முப்பத்தைந்து வருடம் கழித்து நான் சொன்னது நிஜம் என்று ஆயிற்று, பக்கத்தில் நீ இல்லை. கண் கலங்கியது, ஏ.சி. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தேன். அங்கே உன் வீட்டில் நீ அதைப் பார்த்துவிட்டாயா? பார்த்தபோது என்னை நினைத்தாயா, இல்லை, நேரே கச்சிபௌலிக்குத்தான் போன் போட்டாயா?

படம் முடிந்து சம்பந்தியம்மாள் காபியும் மிளகாய் பஜ்ஜியும் கொண்டுவந்தார்கள். நான் வேண்டாம் போதும் என்று சொல்லச் சொல்ல இன்னும் இரண்டு வைத்தார்கள், சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. அப்போதுதான் சம்பந்தி போகிற போக்கில் சொன்னார். மாப்பிள்ளை இதை மொதல்ல உங்களுக்குத்தானுங்க அனுப்பறதா இருந்தாரு, நீங்க வேண்டாம்னுட்டீங்களாமே, அப்புறந்தான் என்னைக் கேட்டாரு, நான் உடனே அனுப்புங்க மாப்பிள்ளைன்னுட்டேன், என்றார். கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நீ கேட்டது உண்மைதான். பொங்கலன்று போனில், அப்பா, ஒரு ப்ரொஜெக்டர் அனுப்பட்டுமா, பழைய படமெல்லாம் சுவர் முழுக்கப் பார்க்கலாம் என்றாய். நக்கோடா, வேண்டாம், எனக்கெதுக்கு, இருக்கிற டிவி போதும் என்று சொல்லிவிட்டு நான் கீசரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நீ மறுபடி கேட்பாய் என்று காத்திருந்தேன். சிவராத்திரி போயிற்று, உகாதி போயிற்று, நீ கேட்கவே இல்லை.

ஏண்டா, நம் வீட்டில் முதல் வேண்டாமுக்கு என்றைக்கு அர்த்தம் இருந்திருக்கிறது? மூன்றாவது தோசை வேண்டாம் என்று நான் சொன்னபோது உன் அம்மா ஒரு நாளாவது அடுப்பை அணைத்தது உண்டா? நீயும் அப்படித்தான் இருந்தாய், சைக்கிள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் அழுதது எனக்குத் தெரியாதா, மறுநாள் நான் திரும்பக் கேட்கவில்லையா? அந்த ஊர்க்காரர்கள் ஒரு தடவை நோ என்றால் நோதான் போலிருக்கிறது, உனக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. உன் மேல் தப்பில்லை. எனக்கு சம்பந்தி மேல் உள்ள பொறாமை அந்தப் பெட்டிக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன், திரும்பி வரும்போது மெட்ரோவில் நின்றுகொண்டே யோசித்தேன், அது இல்லை. பிள்ளை கேட்டதும் ஒரே மூச்சில் அனுப்பு என்று சொல்ல முடிகிறதே அந்த மனிதருக்கு, அதுதான் எரிகிறது. எனக்கு எழுபத்துநாலு வயதாகியும் அது வரவில்லை. இதில் இன்னொரு கூத்து, கிளம்பும்போது, வேணும்னா எடுத்துட்டுப் போய் ஒரு வாரம் வெச்சுப் பாருங்க சம்பந்தி என்றார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அவரும் சரிங்க என்று லிஃப்ட் பொத்தானை அமுக்கிவிட்டார். அம்மா மெட்டுகுடா வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

இன்று காலை அவர் போன் செய்தார். எல்லா டிஸ்க்கையும் சதுரமாக வைத்து மறுபடி பார்க்கப் போகிறாராம், அடுத்த ஞாயிறும் வர வேண்டுமாம், என்ன படம் போடுவது என்று என்னைத்தான் கேட்டார். நல்ல மனிதர்தான், அதையும் எழுதாமல் விட்டால் பாவம். இந்தக் கடிதத்தை வேண்டுமானால் சௌம்யாவும் படிக்கட்டும். ஆனால் ஒரு விஷயம் அம்மாவிடம் சொல்லாதே. ஹாலில் டிவிக்கு எதிர்ச்சுவரில் இருந்த காலண்டர், கடிகாரம், எங்கள் சஷ்டியப்தபூர்த்தி போட்டோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டாள், பின்னால் பல்லி இருக்கிறது என்றேன். ஆணி அடித்த ஓட்டைகளையும் அடைத்தாகிவிட்டது. அகலம் பதினொன்றேகால் அடி வருகிறது.

குளிருக்கு முன் ஸ்ரேயாவுக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கு, அவளிடம் தினம் பத்து நிமிஷமாவது தமிழில் பேசுங்கள், மழையில் வண்டியை மெதுவாக ஓட்டு. டிசம்பரில் வரும்போது நாலு நாளாவது கூட இருக்கும்படி லீவு போடு, தந்திப் படத்தை மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்க்கலாம். மூவரும் குறைவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த விஷயத்தை மறுபடி கேள். நான் நக்கோ என்றுதான் சொல்வேன். போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜம்புநாதன்