துணியோடு வந்த பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு மகனின் வணக்கம். ஆபரேஷன் செய்த கண்ணில் உறுத்தல் நின்றதா? அம்மா மறக்காமல் சொட்டு மருந்து விடுகிறார்களா? எனக்கு ஒரு குறையுமில்லை.

முதலாளி சேர்த்துவைக்கும் பழைய பீர் கம்பெனி விளம்பரக் கண்ணாடிகளைத் துடைப்பதுதான் என் வேலை. கம்பெனியின் பெயரை, முன்னால் தெரியும்படி, கண்ணாடியின் பின்பக்கம் சாயத்தால் எழுதியிருப்பார்கள். நேற்று அழுக்கென்று நினைத்து அங்கே ஈரத்துணியால் தேய்த்துவிட்டேன். பெயர் துணியோடு வந்துவிட்டது.

முதலாளி திட்டவில்லை. “கிணத்துத் தண்ணி உப்பாகி அந்த ஆலைய மூடி நூறு வருஷமாச்சுப்பா. அவங்க பேரு இதுல மட்டுந்தான் மிச்சம் இருந்துச்சு” என்றார்.

வேலை போகவில்லை, கவலைப்படாதீர்கள். சுற்றிலும் நாற்பது கண்ணாடிகள், நாற்பதிலும் என் முகந்தான். இங்கே எல்லோருக்கும் நான் ‘துடைக்கிறவன்’.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். அடுத்த கடிதத்தை ‘தம்பி’ என்று தொடங்காமல், என் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்.