நூற்றில் இல்லாத ஆடு

ஏழு மாதமாகியும் பேச்சில் இன்னும் 'இருக்கிறார்' என்றே என் வாயில் வந்துவிடுகிற என் செல்ல அண்ணனுக்கு,

உங்கள் வேனை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். புக்கிட் காத்திலில் ஒரு வீட்டு கேட்டில் இரண்டு முறை உரசிவிட்டேன், அவ்வளவுதான். நடக்க முடியாதவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிடுகிறேன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல இருக்கிறது. இது எப்போது பழகும் அண்ணே?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நீங்கள் போன பிறகு, யார் யாரை எங்கே ஏற்றுவது என்று சபையில் எனக்கு ஒரு பெயர்ப்பட்டியல் கொடுத்தார்கள். நீங்கள் அப்படி எதுவும் வைத்துக்கொண்டதே இல்லை. முதல் ஞாயிறு, பெம்பான் முனையில் ஒரு தாத்தா கை காட்டினார். நெற்றி நிறையத் திருநீறு.

"நான் முத்தையாம்மா. அண்ணன் என்னைத் தெங்கேராவுல எறக்கி விடுவாரு, திரும்பி வரப்ப ஏத்திக்குவாரு," என்றார்.

என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே! "தாத்தா, இது சர்ச் வேன்லா, டாக்சி இல்ல. லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே."

"பரவால்லம்மா, நீ போ," என்றார். அடுத்த ஞாயிறும் அங்கேயே நின்றார். கை காட்டவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஆளைக் காணோம். அப்பாடா என்றிருந்தது அண்ணே. உண்மையைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் தெங்கேராவில் நம் சபைக்குப் பக்கத்திலிருக்கும் காதர் நானா கடைக்குத் தேத்தண்ணி வாங்கப் போனேன். "அந்தப் பெரியவரு எங்கம்மா? காலு எப்படி இருக்கு?" என்று கேட்டார் நானா. எந்தக் கால் என்றேன். ஆராதனை முடிந்ததும் நீங்கள் அவர் கடையின் பின்பக்கம் தாத்தாவை உட்கார வைத்து, சர்க்கரைப் புண்ணைக் கழுவி மருந்து போட்டுக் கட்டுவீர்களாம். கொஞ்சம் சிவந்திருந்தாலும் உடனே கிளினிக்குக்குக் கூட்டிப் போவீர்களாம். அந்த நேரத்தில் நான் சபைக்கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றைக்கே பெம்பானுக்கு ஓடி, விசாரித்து முத்தையா தாத்தா வீட்டைக் கண்டுபிடித்தேன்; பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். போனேன். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! தொலைந்த ஆடு நம் நூற்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? நீங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. வழியில் நின்றவரை ஏற்றிக்கொண்டீர்கள்.

கட்டிலருகே நின்று அழுதேன். "ஏம்மா அழுவுற, அண்ணன் ஞாபகமா?" என்று தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் போனேன், தினமும் சொல்லாமலே திரும்பினேன். நேற்றுதான் வாய் திறந்தது. "அன்னிக்கு ஒங்கள ஏத்தாம விட்டேனே, என்னாலதான் தாத்தா இப்படி ஆச்சு."

தாத்தா சொன்னார்: "ஒங்கண்ணன் ஒன்னயப் பத்திச் சொல்லியிருக்காரும்மா. என் தங்கச்சி மொதல்ல கத்துவா, ரெண்டாவது தடவ கேட்டா ஓடி வந்து செய்வான்னு. நான்தான் ரெண்டாவது தடவ கேக்காம விட்டுட்டேன்."

அண்ணே, ஒரே ஒரு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போங்களேன். உங்கள் குரலைக் கேட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை தாத்தாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இருக்கிற காலை இனி நான் பார்த்துக்கொள்வேன். இனிமேல் யாரும் என்னிடம் இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்காது.

நீங்கள் நம்பிய அளவுக்கு இன்னும் வளராத,
உங்கள் தங்கச்சி
ரோஸி