முதுகு காட்டி நிற்கும் பெண்

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லூரி ஆண்டுமலருக்கு அட்டைப்படம் வரையும் வேலை என் தலையில் விழுந்தது. தோளில் பையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணை முதுகுப் பக்கமாக வரைந்தேன். பொறுப்பாசிரியர் பார்த்துவிட்டு, "முகம் இல்லாம என்னம்மா படம்? இந்தப் பக்கம் திருப்பி நிக்க வை. மேல முதல்வர் போட்டோவுக்கு இடம் விடு" என்றார். எழுத்தை மாற்றினேன், வண்ணத்தை மாற்றினேன், கல்லூரிக் கட்டடத்தையும் எப்படியோ நுழைத்தேன். அவளைத் திருப்ப மட்டும் மனசு வரவில்லை. கண்ணெல்லாம் எரிகிறது, அக்கா.

நேற்று சாயங்காலம் படத்தை மேசையில் விரித்தபடியே அசந்துபோனேன். விழித்தபோது அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீ விரும்பியவரோடு வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து இங்கே யாரும் உன் பேச்சை எடுப்பதில்லை. கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பையை மாத்து," என்றார். "அவ இடது தோள்லதான் மாட்டுவா."

அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மாற்றிவிட்டேன். முகம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது வரையச் சொல்லுங்கள் என்று ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில்தான் இருப்பார். வந்து கதவைத் தட்டு. அவர் எழுந்து வரட்டும், நான் திறக்கப் போவதில்லை.

உன் தங்கை